தீபம் எரிந்தால்தான் விண்ணப்பம் போகும்

1. பட்டன்

2003, மே மாதம். திருவண்ணாமலையில் வெப்சைட் செய்து கொடுக்கும் ஒரு சிறிய கம்பெனியில் நான் புரோகிராமர். ஒரு தனியார் பாலிடெக்னிக்கின் ஆன்லைன் விண்ணப்பத்தை எங்களிடம் கொடுத்திருந்தார்கள். அதன் கடைசியில் 'அனுப்பு' என்று ஒரு பட்டன். மவுஸை அதன்மேல் வைத்தால் அதிலுள்ள மலைப் படத்தின் உச்சியில் தீபம் எரியும். எரிந்த பிறகே விண்ணப்பம் போகும். எல்லாம் ஜாவாஸ்கிரிப்ட், அதாவது பார்ப்பவரின் பிரவுசருக்குள்ளேயே ஓடும் குட்டி புரோகிராம். இந்த அரிய யோசனை முதலாளியுடையது. எழுத எனக்கு நான்கு நாள் பிடித்தது.

"சார், பிரவுசர்ல ஸ்கிரிப்ட் ஆஃப்ல இருந்தா பட்டன் வேலை செய்யாதுங்க," என்றேன்.

"எவன்யா ஆஃப் பண்ணி வெக்கிறான்? சைட்டு கவுண்ட்டரைப் பாரு. அப்படி ஒருத்தனாவது வந்திருக்கானா?"

வரவில்லைதான். வருபவர்களை எண்ணும் அந்தக் கவுண்ட்டரும் ஸ்கிரிப்டில்தான் ஓடியது; ஸ்கிரிப்ட் இல்லாமல் வருபவரை அதற்கு எண்ணத் தெரியாது. இதை நான் சொல்லவில்லை. அது இன்கிரிமென்ட் மாதம்.

மனிதாபிமானத்தோடு ஒரே ஒரு வசதி செய்தோம். ஸ்கிரிப்ட் இல்லாதவர்களுக்கு, 'உங்கள் பிரவுசர் சரியில்லை, மாற்றவும்' என்று சிவப்பு எழுத்தில், ஆங்கிலத்தில், ஒரு வரி.

2. கடைசி நாள்

ஐந்து மணிக்கு விண்ணப்பம் மூடும். 4.05க்கு, பக்கத்தின் அடியில் போட்டிருந்த எங்கள் ஆபீஸ் நம்பருக்கு போன் வந்தது. கீழ்பென்னாத்தூரிலிருந்து மகளோடு வந்திருந்த ஒரு விவசாயி, அடுத்த தெரு பிரவுசிங் சென்டரிலிருந்து பேசினார்.

"சார், இன்னிக்கு வுட்டா எம்பொண்ணுக்கு சீட்டு போயிடுங்க. பட்டனை அமுக்கி அமுக்கி வெரலே தேஞ்சிடுச்சு. பிரவுசரை மாத்துனு எழுதியிருக்காம். சிஸ்டம் எங்களுதா சார், மாத்தறதுக்கு?"

நேரில் போனேன். எல்லா மானிட்டரிலும் ஒரு சீட்டு: 'செட்டிங்ஸில் கை வைக்கக் கூடாது.'

"அண்ணே, ஸ்கிரிப்டை மட்டும் ஆன் பண்ணுங்க," என்று சென்டர்காரரிடம் கேட்டேன்.

"ஆன் பண்ணா விளம்பர ஜன்னலா தொறந்துகினே இருக்கும். எட்டு சிஸ்டமும் உக்காந்துடும். நீ வந்து ஃபார்மேட் பண்ணிக் குடுப்பியா? ஊர்ல எல்லா சென்டர்லயும் ஆஃப்தான்பா. சைட்டு போடறவன், உனுக்குத் தெரியாதா?"

தெரியாது. நாங்கள் எங்கள் ஆபீசில் மட்டுமே டெஸ்ட் செய்திருந்தோம்.

பட்டனில் தீபம் எரிய ஸ்கிரிப்ட் வேண்டும் என்று அந்தப் பெண்ணிடம் பொறுமையாக விளக்கினேன். அவளும் பொறுமையாகக் கேட்டாள்.

"பேரும் மார்க்கும் அனுப்பறதுக்கு வெளக்கு எதுக்குங்க சார்?"

மூன்று மீட்டிங்கில் யாரும் கேட்காத கேள்வி.

ஆபீசுக்கு ஓடினேன். தீபத்தை எடுத்துவிட்டு, எல்லா ஃபார்மிலும் இருக்கும் சாதாரண சப்மிட் பட்டனை வைத்தேன். ஒரே வரி. 4.41க்கு சர்வரில் ஏற்றினேன். அவள் எல்லாவற்றையும் மறுபடி டைப் செய்து அனுப்பி, 4.52க்கு விண்ணப்பம் வந்து சேர்ந்தது. அதன் பின்னாலேயே, ஐந்து மணிக்குள், இன்னும் பதினொன்று.

முதலாளி வந்து ஸ்கிரீனைப் பார்த்தார்.

"தீபம் எங்கய்யா?"

"அணைச்சிட்டேன் சார். பன்னெண்டு அப்ளிகேஷன் வந்திருக்கு."

"கவுண்ட்டர் நகரவே இல்லையே! பன்னெண்டு பேரு எப்படிய்யா வந்தாங்க?"

அன்று முதல் எந்தப் பக்கத்தை ஒப்படைக்கும் முன்பும் ஸ்கிரிப்டை ஆஃப் செய்துவிட்டு, ஒவ்வொரு பட்டனையும் ஒரு முறை அமுக்கிப் பார்க்கிறேன். முதலாளியும் பாடம் கற்றார். கவுண்ட்டர் பழுது என்று சொல்லி, வேறு கவுண்ட்டர் போடச் சொன்னார்.