கடலை வறுக்க ஒரு பை ஆற்று மணல்

எங்கள் வீட்டு அடுப்படி அலமாரியில், மிளகாய்த்தூள் டப்பாவுக்கும் பெருங்காய டப்பாவுக்கும் நடுவில், ஒரு பழைய, பெரிய ஊறுகாய் பாட்டில் இருக்கிறது. உள்ளே கன்னங்கரேலென்று ஏதோ முக்கால் பாகம் நிறைந்திருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் அதைப் பார்த்ததும் ஆளுக்கொரு முடிவுக்கு வருவார்கள். கருஞ்சீரகமா என்று கேட்டவர் உண்டு. பக்கத்து வீட்டம்மா அதைச் சர்க்கரை நோய்க்கான சூரணம் என்றே முடிவுகட்டி, தனக்கும் ஒரு ஸ்பூன் கேட்டார். என் பள்ளிக்கூடத்து நண்பன் ஒருவன் மட்டும் பாட்டிலை உற்றுப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “யாரோட அஸ்திடா இது?” என்றான். அஸ்தியுமில்லை, சூரணமுமில்லை. வெறும் ஆற்று மணல். வெண்ணாற்றிலிருந்து வந்தபோது பொன்னிறமாகத்தான் இருந்தது. அது கருத்துப்போனதற்குக் காரணம் கொண்டைக்கடலை. என் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் என் மாமனார்.

மாமனார் வருவாய் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நன்னிலத்துக்குப் பக்கத்தில் கிராமம். வேலையில் இருந்த காலத்தில் மணல் வண்டிகளுக்கு அவர்தான் எமன். ஓடிவரும் டிராக்டரைக் குடையைக் குறுக்கே நீட்டி நிறுத்துவார் என்பார்கள். ஒருமுறை சொந்தப் பெரியப்பா மகனின் மாட்டுவண்டியையே பிடித்து, மாடுகளுக்குத் தன் கைக்காசில் வைக்கோல் வாங்கிப் போட்டுவிட்டு, வண்டியைத் தாலுகா ஆபீஸ் வாசலில் நிறுத்திவிட்டார். அந்தப் பெரியப்பா வீட்டில் யாரும் எங்கள் கல்யாணத்துக்கு வரவில்லை. “கையளவு அள்ளினாலும் மணல் மணல்தான் மாப்ள” என்று ரசம் சாதத்துக்கு நடுவில்கூடச் சொல்வார். நானோ தஞ்சாவூரில் உரக்கடை வைத்திருப்பவன். ஒரு லாரியும் எனக்குச் சொந்தமில்லை. இருந்தாலும் அவர் அதைச் சொல்லும்போதெல்லாம் என் சட்டைப் பையில் மணல் இருப்பதுபோல் எனக்கு வியர்க்கும். என் உடம்பின் அமைப்பு அப்படி. கோயிலில் யாராவது செருப்பைக் காணோம் என்றால் நான் என் காலைக் குனிந்து பார்த்துக்கொள்கிற ஜாதி.

மாமியார் காலமான பிறகு மாமனார் அந்தப் பெரிய வீட்டில் தனியாக இருந்தார். மைத்துனர் சிங்கப்பூரில். கண்ணில் புரை முற்றி, தஞ்சாவூரில் அறுவைச் சிகிச்சை செய்தோம். அதற்காக எங்கள் வீட்டுக்கு வந்தவரை அப்படியே நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது என் மனைவியின் ஒரே ஆசை. கண் மங்கலோடு கிணற்றடிக்கும் கொல்லைக்கும் தனியாக நடக்கிற அப்பாவை நினைத்து அவள் தூக்கம் கெட்டுக் கிடந்தாள். அவரோ பெண் கொடுத்த வீட்டில் ஒரு ராத்திரிக்கு மேல் தங்கினால் மரியாதை இல்லை என்று வாழ்நாள் முழுக்க இருந்தவர். டாக்டர் சொன்னதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு சில நாள் இருந்தார். இரண்டு வேட்டியும் துண்டும் மடித்து வைத்த மஞ்சள் பை மட்டும், எந்த நிமிடமும் கிளம்பத் தயாராக, ஹால் கதவின் கொக்கியில் தொங்கிக்கொண்டே இருந்தது. அது எங்கள் கல்யாணத்துத் தாம்பூலப் பை. துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தாலும் எழுத்து மட்டும் அழியவில்லை. அவள் அந்தப் பையைக் கடக்கும்போதெல்லாம் அதைத் தலைமறைவுக் குற்றவாளியைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

கண் ஆறிவிட்டது என்று டாக்டர் சொன்ன மறுநிமிடமே மாமனார் பஸ் நேரம் விசாரித்தார். மனைவி என்னைப் பார்த்தாள். ஏதாவது சொல்லித் தொலையுங்கள் என்று அர்த்தம். நான் உளறினேன்: “சாயங்காலத்துக்கு உங்களுக்குப் பிடிச்ச கடலை வறுத்துத் தர்றேன் மாமா. சாப்பிட்டுப் பாத்துட்டு முடிவு பண்ணுங்க.” அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். நாலு மணிக்கு ஒரு கிண்ணம் வறுத்த கொண்டைக்கடலை என்பது மாமியார் இருந்தவரை அந்த வீட்டில் நடந்த நித்திய பூஜை. அந்த வயதிலும் அவருக்குப் பல் அத்தனையும் சொந்தப் பல்; அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு. எண்ணெயில் பொரித்தது கூடாதென்று இருதய டாக்டர் சொல்லியிருந்ததால் கடையில் விற்பதைத் தொடமாட்டார்.

“கடக்குன்னு சத்தம் வரணும் மாப்ள. மெத்துனு இருந்தா காலைல முத பஸ்ஸு எனக்கு.”

“வரும் மாமா.”

“உங்களுக்கு வறுக்கத் தெரியுமா?”

“என்ன மாமா இப்படிக் கேக்கறீங்க” என்றேன். தெரியாது என்பதை இதைவிட நாகரிகமாகச் சொல்ல முடியாது.

முதலில் வெறும் வாணலியில் போட்டு வறுத்தேன். வெளியே கரி, உள்ளே ரப்பர். தூக்கிப் போட்டால் குதித்துத் திரும்பி வந்தது. பிறகு கைபேசியில் ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தபடி, ஊறவைத்த கடலையை மைக்ரோவேவில் வைத்தேன். அந்தம்மா கடலை சமர்த்தாக வறுபட்டது. என் கடலை தீபாவளி கொண்டாடியது. ஒவ்வொன்றும் வெடித்து உள்கூரையில் அப்ப, நான் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்குப் பின்னால் பதுங்கினேன். ஹாலிலிருந்து குரல் வந்தது: “என்ன மாப்ள, அங்க யாருக்கு வேட்டு வைக்கிறீங்க?” மனைவி அடுப்படி வாசலில் வந்து நின்று தலையில் அடித்துக்கொண்டாள். “அம்மா மணல்லதாங்க வறுப்பாங்க. மணல் இருந்தாத்தான் நாலா பக்கமும் ஒரே மாதிரி சூடு ஏறும்.” தெருமுனையில் வீடு கட்டுகிறார்கள், அங்கே அள்ளிவருகிறேன் என்று கிளம்பியவனை நிறுத்தினாள். “அது எம்.சாண்ட். கல்லுப் பொடி. அப்பா பல்லு அத்தனையும் கொட்டிடும்.”

ஆக, ஆற்று மணல். மேட்டூர் அணை திறக்க இன்னும் நாளிருந்தது. வெண்ணாறு வறண்டு, கரையிலிருந்து கரைவரை மணலாகக் கிடக்கும். அவசரத்தில் கைக்கு அகப்பட்ட பையை எடுத்தேன். அகப்பட்டது கதவுக் கொக்கியில் தொங்கிய மஞ்சள் பை. மாமனார் அதற்குள் மதியத் தூக்கத்தில் இருந்தார். வேட்டிகளைக் கட்டில்மேல் கவிழ்த்துவிட்டு ஸ்கூட்டரில் பறந்தேன். அவருடைய பையைக் காலி செய்துவிட்டால் அவரும் கிளம்ப மாட்டார் என்று உள்ளுக்குள் ஒரு குட்டிச் சந்தோஷமும் இருந்தது. ஆற்றில் இறங்கி, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர் பார்க்காத மாதிரி அவருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலைக்கடன் கழிக்கிறவன் பாவனையில் பாதிப் பைக்கு மணலை அள்ளினேன். பையைத் தூக்கியதும் மாமனாரின் குரல் காதில் கேட்டது. கையளவு அள்ளினாலும் மணல் மணல்தான்.

பாலத்தின் முனையில் போலீஸ் நின்று வண்டிகளை மறித்துக்கொண்டிருந்தது. ஹெல்மெட் சோதனை. என் தலையில் ஹெல்மெட் இருந்தது. லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் எல்லாம் இருந்தன. பேசாமல் போயிருந்தால் ஏறெடுத்தும் பார்த்திருக்க மாட்டார்கள். நான் என்ன செய்தேன்? நடுப்பாலத்தில் வண்டியைத் திருப்பினேன். திருப்பும்போது வண்டி அணைந்துவிட்டது. ஏட்டு நிதானமாக நடந்து வந்தார்.

“ஏன் சார் திரும்புறீங்க?”

“ஒண்ணும் மறக்கலை சார்” என்றேன். அவர் மறந்ததைப் பற்றிக் கேட்கவே இல்லை.

“பையில என்ன?”

“கடலை சார்.”

அவர் பையைத் திறந்து பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “இது மணலு சார்.”

“கடலைக்கு மணல் சார். கடலை அப்பறம் வரும்.”

“இதை வச்சு எத்தனை மாடி எழுப்பப் போறீங்க?” என்று கேட்டவர், பையைத் திருப்பி அதில் அச்சடித்திருந்ததை வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். திருமண விழா. மணமகன் இன்னார், இன்னாருடைய மகன், இந்த ஊர், இந்தத் தேதி, இந்த மண்டபம். திருட்டு மணலைத் திருடனின் பெயர், தகப்பனார் பெயர், விலாசம் அத்தனையும் அச்சிட்ட பையில் கொண்டுபோன முதல் ஆள் தமிழ்நாட்டிலேயே நானாகத்தான் இருப்பேன். “மாப்பிள்ளை நீங்கதானா?” என்றார் ஏட்டு. ஆமாம் என்றேன். இதற்காவது வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் எனக்கு வரவில்லை. விலங்கு, வேன், செய்தித்தாளில் படம், கீழே ‘உரக்கடை அதிபர் கைது’ எல்லாம் வரிசையாகக் கண்ணில் ஓடின. அதிபர் என்று போடுவார்களே என்று ஒரு சின்ன ஆறுதல். “வீட்டுக்குப் போன் போடுங்க, யாராச்சும் பேசட்டும்” என்றார். மனைவிக்குப் போட்டேன். அவள் கைபேசி ஹாலில் சார்ஜில் கிடந்திருக்கிறது. எடுத்தது மாமனார். ஒலிபெருக்கியில் போடச் சொன்னார் ஏட்டு. “சொல்லுங்க மாப்ள” என்று குரல் வந்தது.

“ஐயா, உங்க மாப்பிள்ளைங்களா? ஆத்து மணலோட பாலத்துல நிக்கிறாருங்க.”

ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டேன்.

“எவ்வளவு மணல்?”

“ஒரு மஞ்சப்பையில பாதி இருக்கும் ஐயா.”

“எந்த மஞ்சப்பை?”

ஏட்டு மறுபடியும் பெயர்களைப் படித்தார்.

“அப்ப என் வேட்டி எங்க?” என்றார் மாமனார்.

நான் கட்டிலைப் பற்றிச் சொன்னேன். அவர் தொண்டையைச் செருமினார். வேலை பார்த்த காலத்தில் டிராக்டரை நிறுத்திய குரல் அப்படித்தான் இருந்திருக்கும். “நான் ஓய்வுபெற்ற ரெவின்யூ இன்ஸ்பெக்டர் பேசறேன். மாப்பிள்ளைன்னு பாக்காதீங்க. சட்டப்படி என்னவோ அதைச் செய்ங்க.” பிறகு அதே கண்டிப்போடு கேட்டார்: “ஆமா, மணல் பருமனா இருக்கா, நைஸா இருக்கா? களி கலந்திருக்கான்னு கையில எடுத்துப் பாருங்க. கொண்டைக்கடலைக்கு நைஸு ஆகாது.”

ஏட்டு ஒரு பிடி எடுத்து வெயிலில் தேய்த்துப் பார்த்து, “நல்ல பருமனுங்க ஐயா” என்றார்.

“சரி. இரவலா எடுத்ததா இருக்கட்டும். வேலை முடிஞ்சதும் எடுத்த எடத்துலயே கொண்டுபோய்க் கொட்டிடணும். அதுக்கு நான் பொறுப்பு.”

“உத்தரவுங்க ஐயா” என்று சொல்லிவிட்டு ஏட்டு என்னிடம் பையைக் கொடுத்தார். கூடவே, “வறுத்தா இந்தப் பக்கம் ஒரு பொட்டலம் கொண்டாங்க சார்” என்றார்.

வீட்டில் மாமனார் வேட்டிகளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நானும் மனைவியும் மணலைக் கழுவிக் காயவைத்து, இரும்பு வாணலியில் புகையக் காய்ச்சினோம். உப்பும் மஞ்சளும் போட்டு ஊறவைத்து ஃபேனுக்கடியில் உலர்த்திய கடலையை, ஒவ்வொரு பிடியாகப் போட்டு வறுத்தோம். பாதி வறுபட்டதும் சல்லடையில் சலித்தெடுத்து, உப்புத் தண்ணீர் தெளித்து, துணியில் மூடிக் கொஞ்ச நேரம் ஓய்வு கொடுத்து, மறுபடியும் மணலில் போட வேண்டும். இந்த ஓய்வில்தான் சூட்சுமம் என்றாள் மனைவி. இரண்டாம் வறுப்பில் தோல் பட்பட்டென்று வெடித்தது. சூட்டோடு மிளகாய்த்தூள், பெருங்காயம், நொறுங்கிய கறிவேப்பிலை, ஒரே ஒரு சொட்டு நல்லெண்ணெய். கிண்ணத்தைக் கொண்டுபோய் வைத்தபோது மணி நாலு தாண்டியிருந்தது. அதற்கும் எனக்குப் பயம்.

அவர் ஒன்றை எடுத்து வாயில் போட்டார். கடிக்கவில்லை. இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு உருட்டினார். அடுப்படி வாசலில் மனைவி முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றாள். ஃபேன் சத்தம் இடைஞ்சலாக இருக்குமோ என்று நான் போய் அதை அணைத்தேன். அப்புறம் கேட்டது. கடக். இன்னொன்று. கடக். மூன்றாவதில் அவர் முகம் சுருங்கியது. விரலை வாய்க்குள் விட்டு எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். ஒரு மணல். செத்தேன் என்று நினைத்தேன்.

“இதையும் அதோட சேத்து வைங்க. கொட்டும்போது குறையக் கூடாது” என்று என் கையில் கொடுத்தார். பிறகு கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு சொன்னார்: “நாளைக்குக் கொஞ்சம் மிளகு தட்டிப் போடுங்க மாப்ள.”

நாளைக்கு. மனைவி சட்டென்று உள்ளே போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடியது. பாத்திரம் தேய்க்கிற சத்தம் மட்டும் வரவில்லை.

அவர் அதற்குப் பிறகு ஊருக்குப் போனது நெல் அறுப்புக்கும் கோயில் திருவிழாவுக்கும்தான். போனாலும் திரும்பி வந்துவிடுவார். மஞ்சள் பை மடித்துப் பீரோவுக்குள் போனது; மணல் ஊறுகாய் பாட்டிலுக்குள் போனது. ஏன் பெண் வீட்டிலேயே இருக்கிறீர்கள் என்று உறவில் யாராவது இழுத்தால், “மாப்பிள்ளையை மணல் விஷயத்துல கண்காணிப்புல வச்சிருக்கேன்” என்பார். முகத்தில் சிரிப்பே இருக்காது. கேட்டவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். நானும் வழக்கம்போல் வியர்ப்பேன். அந்த மணல் வறுபட்டு வறுபட்டுக் கருத்தது. ஏட்டு மாற்றலாகிப் போகும்வரை அவருக்கும் அவ்வப்போது பொட்டலம் போயிற்று.

போன மார்கழியில் மாமனார் காலமானார். காரியமெல்லாம் முடிந்த பிறகு மனைவி பாட்டிலை எடுத்து என் முன்னால் வைத்தாள். “அப்பா சொன்ன வார்த்தை” என்றாள். ஸ்கூட்டரில் வைத்து எடுத்துப்போனேன். பாலத்தில் போலீஸ் நின்றது, வேறு ஆட்கள். இந்தமுறை நான் திரும்பவில்லை. ஆனால் தானாகவே நிறுத்தி, “ஆத்துல மணல் கொட்டப் போறேன் சார்” என்று சொல்லிவிட்டேன். மணலைக் கொண்டுவந்து ஆற்றில் போடுகிற ஆளை அவர்கள் முதல்முறையாகப் பார்க்கிறார்கள் போலும். வீட்டில் பெரியவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று அன்பாக விசாரித்தார்கள். நான் கரையில் இறங்கினேன். ஆற்றில் தண்ணீர் கரை தட்டிப் போய்க்கொண்டிருந்தது. எடுத்த இடத்தில் கொட்ட வேண்டும் என்பது உத்தரவு. எடுத்த இடம் ஆளுயரத் தண்ணீருக்கு அடியில் கிடந்தது. பாட்டிலோடு திரும்பி வந்தேன். மனைவி அதைப் பழைய இடத்திலேயே வைத்தாள்.

இப்போது சித்திரை. ஆறு வறண்டு, எடுத்த இடம் வெயிலில் தெளிவாகத் தெரிகிறது. இன்று மதியம் நான் யாரும் கேட்காமலேயே கடலையை ஊறப் போட்டேன். நாலு மணிக்கு வறுத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்து வைத்தேன். மனைவி ஒன்றை எடுத்துக் கடித்தாள். கடக். இரண்டாவதைக் கடித்தவள் நிறுத்தி, விரலால் எதையோ எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். எழுந்து அடுப்படிக்குப் போனாள். ஊறுகாய் பாட்டிலின் மூடி திறக்கிற சத்தம் கேட்டது.

“ஏங்க, நாளைக்கு மிளகு போடுங்க” என்று உள்ளேயிருந்தே சொன்னாள்.