எட்டுக் கால் இலைக்கோழி

என் கணவருக்கு ஸ்டென்ட் வைத்து அனுப்பும்போது டாக்டர் கண்டிப்பாகச் சொன்னது ஒன்றுதான்: தினமும் நடக்க வேண்டும். மேற்குத் தாம்பரத்தில் ப்ளைவுட் கடை வைத்திருக்கிற மனிதர் அவர். வாழ்க்கையில் பாதியைக் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்தே கழித்தவர். விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு, கேன்வாஸ் ஷூ எல்லாம் மாட்டிக்கொண்டு உற்சாகமாகத்தான் கிளம்புவார். போன வேகத்தில் திரும்பியும் விடுவார். கிட்டே வந்தால் போண்டா வாசனை அடிக்கும்.

"டீக்கடை வரைக்கும் நடந்துதானே போனேன்? அதுவும் வாக்கிங்தான்" என்பார்.

அதனால் நானும் கூடப் போக ஆரம்பித்தேன். துணைக்கு இல்லை, காவலுக்கு.

எங்கள் வீடு முடிச்சூரில் இருக்கிறது. தெருக்கோடியில் திரும்பினால் ஏரிக்கரை. லாரி வராத மண்பாதை; நடப்பதற்கு அதைவிட நல்ல இடம் இந்தப் பக்கம் கிடையாது. ஆனால் எனக்கு அந்த ஏரியைக் கண்டாலே ஆகாது. 2015 வெள்ளத்தில் தண்ணீர் எங்கள் சமையல் மேடை வரை ஏறியது. இவர் முந்தின நாளே கடைக்குப் போய், சரக்கை மேலே ஏற்றிக்கொண்டிருந்தவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஃபோன் எல்லாம் செத்துவிட்டது. அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்த மகனை இழுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு மாடியில் போய் நின்றேன். பிறகு படகு வந்தது. அன்றிலிருந்து மொட்டை மாடியில் துணி காயப்போடும்போதுகூட ஏரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பேன்.

அப்படிப்பட்ட நான் இவருடைய ரத்தக் குழாய்க்காக அந்தக் கரையில் நடந்தேன்.

நடப்பது எங்கே? நாலு எட்டு வைத்தால் யாராவது எதிரே வருவார்கள். "அஸ்ஸலாமு அலைக்கும், எப்படி இருக்கீங்க? மாடுலர் கிச்சன் முடிஞ்சுதா?" என்று நின்றுவிடுவார். அவர் பேசி முடிக்கும் வரை நான் எதையாவது பார்த்துக்கொண்டு நின்றாக வேண்டும். பார்க்க அங்கே தண்ணீரைத் தவிர வேறொன்றும் இல்லை. அப்படி ஒருநாள் நிற்கும்போது, காலி மனையின் எல்லைக்கல்லில் ஒரு மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது. மீன்கொத்தி எனக்குத் தெரியாத பறவை இல்லை. ஆனால் அதன் முதுகில் வெயில் பட்டதும் அப்படி ஒரு நீலம் எழும்பியதை நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை. ஈத் துணி எடுக்கப் போகும் கடையில்கூட அந்த நீலம் கிடையாது.

வீட்டுக்கு வந்ததும் மகனுடைய பீரோவைத் திறந்தேன். காட்டாங்குளத்தூரில் கல்லூரியில் படித்த நாளில் அடம்பிடித்து வாங்கிய கேமரா அவனுடையது. பெங்களூரில் வேலை கிடைத்துப் போனபோது, "இனிமே யாரும்மா இதைத் தூக்கிக்கிட்டு அலையறது?" என்று சொல்லி விட்டுவிட்டுப் போயிருந்தான். கூடவே ஒரு நீளமான லென்ஸ். வீடியோ காலில் அவனை வைத்துக்கொண்டு எந்தப் பொத்தான் எதற்கு என்று கற்றுக்கொண்டேன்.

முதல் வாரம் எடுத்ததில் ஒன்றுகூடத் தேறவில்லை. பறவை இருந்த இடத்தில் கிளை இருந்தது, வால் நுனி இருந்தது, ஒரு படத்தில் என் கணவருடைய காது இருந்தது. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு கையில் அவ்வளவு பெரிய லென்ஸோடு நிற்கும் பெண்ணைப் பார்த்து, பைக்கில் போகிறவர்கள் வேகத்தைக் குறைத்துக்கொண்டு போனார்கள். "யூட்யூப் சேனலாக்கா?" என்று ஒரு பெண் கேட்டாள்.

ஏரிக்கரையை ஒட்டி மாடு மேய்க்க வரும் பெரியவர் ஒருவர் உண்டு. அந்தக் காலத்தில் அங்கே நெல் போட்ட குடும்பம். இப்போது மனை விற்றதுபோக நாலு வீட்டு வாடகையும் இரண்டு மாடும். அவர் என் கேமராவைப் பார்த்ததும் நேராக என் கணவரிடம் போனார்.

"இன்னா பாய், சர்வேயா? பாயம்மா எத்த போட்டோ புடிச்சிகினு கீது?"

"பறவைங்க. சும்மா, ஆசைக்கு."

"பறவையா!" பெரியவருக்கு உயிர் வந்தது. ஆக்கிரமிப்பு எடுக்க வந்த ஆள் என்று பயந்துவிட்டார் போலிருக்கிறது. "அத்த புட்ச்சி கொழம்பு வச்சி துன்னுகினு இருந்தோம் நாங்கோ. போட்டோ புடிக்கிறாங்களாம்."

அன்றிலிருந்து எங்களைப் பார்த்தால், "இன்னா பாய், இன்னிக்கி எத்தினி கோழி?" என்று கேட்பதை வழக்கமாக வைத்துக்கொண்டார்.

எனக்கு வந்த பெரிய இடைஞ்சல் ஊரார் இல்லை, என் கணவர்தான். அவருக்கு மெதுவாகப் பேச வராது. ரம்பம் ஓடுகிற இடத்தில் வியாபாரம் செய்து பழகிய தொண்டை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு குறி வைத்திருக்கும்போது, "இந்தா பாரும்மா, அந்தாண்ட பாரு, வெள்ளையா ஒண்ணு!" என்று கத்துவார். வெள்ளையாக இருந்ததும் பறந்துவிடும், நான் குறி வைத்திருந்ததும் பறந்துவிடும். இல்லையென்றால் ஃபோன் அடிக்கும். "பன்னெண்டு எம்எம் இல்லப்பா, பதினெட்டு எம்எம்! மரைன் ப்ளை!" என்பது அக்கரை வரை கேட்கும்.

ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டேன். "என்னங்க, உங்களுக்குக் கோடிப் புண்ணியம். அந்தக் கல்லுல போய் உட்காருங்க. வாயைத் தொறக்காதீங்க."

ரோஷம் வந்துவிட்டது. போய் உட்கார்ந்தார். வீடு வரும்வரை பேசவில்லை. அடுத்த நாள் அவராகவே ஃபோனை வீட்டில் வைத்துவிட்டு வந்தார். ஏதாவது கண்ணில் பட்டால் கத்துவதற்குப் பதில் என் முந்தானையை இழுப்பார். அதற்காகவே நடுவில் ஒரு முழம் தள்ளி நிற்காமல் ஒட்டிக்கொண்டு நின்றார். கல்யாணமான புதிதில்கூட அவர் பொது இடத்தில் அப்படி நின்றதில்லை.

அப்படி முந்தானையை இழுத்துக் காட்டியதுதான் அந்த இலைக்கோழி. அல்லி இலைகள் மேல் ஒரு பறவை நடந்து போனது. நீந்தவில்லை, நடந்தது. தரையில் போவதுபோல ஒவ்வொரு இலையாக மிதித்துக்கொண்டு போனது. கறுத்த கழுத்து, கண்ணுக்கு மேலே வெள்ளைக் கோடு, முதுகு துலக்கிய செம்புப் பாத்திரம் மாதிரி. கால் விரல்கள் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத நீளம். கேமராவில் பெரிதாக்கிக் காட்டியபோது, "எவ்ளோ பெரிய வெரலு! செருப்பு வாங்கணும்னா இதுக்குச் சைஸே கிடைக்காது" என்றார், மிகவும் மெதுவான குரலில்.

அது இலைகளைச் சேர்த்து ஒரு மிதக்கிற கூடு வைத்திருந்தது. அதில் பளபளவென்று பாலிஷ் போட்ட மாதிரி பழுப்பு முட்டைகள். ஆடி பிறந்து, வெயில் தணிந்த காலைகளில் நாங்கள் அதைப் பார்ப்பதற்கென்றே போனோம். இவர் நடக்கிற தூரம் கூடிக்கொண்டே போனதை இவரே கவனிக்கவில்லை. கூடு இருந்தது கரையின் கடைசியில், மதகுப் பக்கம். போண்டா கடை இருந்தது எதிர்த்திசையில்.

பிறகு ஒரு சாயங்காலம் மழை பிடித்தது. சாதாரண ஆடி மழை இல்லை. வாளியால் கொட்டுகிற மாதிரி. அந்த மாதிரி மழை சத்தம் கேட்டால் எனக்கு இன்னமும் கை தானாகத் தரையில் இருக்கிற பொருளை எல்லாம் எடுத்துக் கட்டில்மேல் வைக்கும். அன்றும் வைத்தேன். வைத்துக்கொண்டே இருக்கும்போதுதான் தெரிந்தது, நான் வீட்டைப் பற்றி நினைக்கவில்லை, அந்தக் கூட்டைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன் என்று.

காலையில் போனோம். ஏரி ஒரு முழம் ஏறியிருந்தது. அல்லி இலைகள் பாதிக்குமேல் முங்கிப் போயிருந்தன. கூடு இருந்த இடத்தில் ஒரு தெர்மோகோல் துண்டும் ஆகாயத்தாமரைக் குப்பையும் மிதந்தன. நான் கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஒரு கோழிக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

"போலாம்ங்க" என்றேன்.

அவர் அசையவில்லை. முந்தானையை இழுத்தார். நான் பார்க்கவில்லை. மறுபடியும் இழுத்தார்.

கரையோரக் கோரைப் புல்லை ஒட்டி அந்தப் பறவை நின்றுகொண்டிருந்தது. சிறகுகளை விலாவோடு அழுத்தி, குளிருகிறவர்கள் கையைக் கட்டிக்கொள்வது போல. அதன் உடம்புக்குக் கீழே என்னவோ சரியில்லை. நிறையக் கால்கள் தொங்கின. காற்றுக்கு ஆடின. மழையில் அடிபட்டு எதையோ சுற்றிக்கொண்டு வந்துவிட்டதோ என்று பதறினேன். கேமராவைப் பையிலிருந்து உருவி எடுத்தேன். நாலைந்து படம். அதற்குள் அது கோரைக்குள் போய்விட்டது.

வீட்டில் லேப்டாப்பில் போட்டுப் பெரிதாக்கினோம். சந்தேகமே இல்லை. நிற்கிற கால் இரண்டு. சிறகுக்கடியில் தொங்குகிற கால் ஆறு.

"கேமரா ரிப்பேர்ம்மா" என்றார் இவர். "மழையில நனைஞ்சிருக்கும்."

"கேமரா ரிப்பேர்னா காலை மட்டும் கூடப் போடுமா?"

மகனுக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் அவனே வீடியோ காலில் வந்தான். தேடிப் பார்த்துவிட்டுத்தான் கூப்பிட்டிருந்தான். குரலில் அவ்வளவு சந்தோஷம். "ம்மா, சூப்பர் படம்மா இது! முட்டை பொரிஞ்சிருக்கும்மா. அதெல்லாம் குஞ்சுங்களோட காலு. ஆபத்துன்னா குஞ்சுங்களை ரெக்கைக்குள்ள அள்ளி வெச்சுக்கிட்டு நடக்குமாம்."

"மாஷா அல்லாஹ்" என்றார் இவர். "பெத்த தாய்னா சும்மாவா!"

"தாய் இல்ல அத்தா. அது முட்டை போட்டுட்டுப் போயிடுமாம். அடைகாக்கிறது, வளர்க்கிறது, தூக்கிட்டு ஓடறது எல்லாமே ஆண்தான். அது அத்தா பறவை."

மகன் ஏதோ மீட்டிங் என்று வைத்துவிட்டான். நான் படங்களை முன்னும் பின்னும் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவர் சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்தார். ஏரிக்கரையில் இருக்கிற பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அன்னைக்கு நான் கிளம்பி வந்தேன், தெரியுமா?" என்றார்.

"என்னைக்கு?"

"வெள்ளத்தன்னைக்கு."

எங்கள் சொந்தத்தில் அது ஒரு கேலிக் கதை. கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்தால் யாராவது எடுத்துவிடுவார்கள். "வூட்டுல தண்ணி வந்தப்ப மாமா ப்ளைவுட்டைக் காப்பாத்திக்கிட்டு இருந்தாரு." எல்லாரும் சிரிப்பார்கள். இவர்தான் எல்லாரையும்விடப் பலமாகச் சிரிப்பார்.

"கடையைப் பூட்டிட்டு நடந்தே வந்தேன். ரோடு எது வாய்க்கால் எதுன்னு தெரியல. தண்ணி இடுப்புக்கு வந்துச்சு, அப்புறம் நெஞ்சுக்கு வந்துச்சு. எனக்கு நீச்சல் தெரியாதுன்னு உனக்குத் தெரியும். ஒரு கம்பத்தைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். யாரோ பசங்க கயிறு போட்டு இழுத்து, 'போவாத பாய், செத்துடுவ'ன்னு ஒரு மாடியில ஏத்தி உட்கார வெச்சாங்க. அங்கயிருந்து நம்ம தெருப் பக்கம் தெரியுது. வர முடியல. ரெண்டு நாளும் அங்கயேதான் உட்கார்ந்திருந்தேன்."

"இத்தனை வருஷமா ஏன் சொல்லல?"

"என்னத்தைச் சொல்றது? வரல. அவ்ளோதானே?"

எழுந்துபோய் டீ போட்டேன். ஸ்டென்ட் வைத்ததிலிருந்து நான் நிறுத்தியிருந்த சர்க்கரையை மறதியில் அவருக்கும் போட்டுவிட்டேன். குடித்து முடிக்கும் வரை இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை.

குஞ்சுகள் பிழைத்தன, ஒன்றைத் தவிர. ஒருநாள் பருந்து ஒன்று கரைமேல் வட்டமடித்தது. மறுநாள் பார்த்தபோது இரண்டுதான் இருந்தன. மாடு மேய்க்கும் பெரியவருக்குத்தான் அதில் அதிக வருத்தம். "கண்ல பூச்சி பறக்க இங்கயே குந்திகினு கீறேன், என் கண்ணு முன்னாடி தூக்கிகினு பூட்சே" என்று எங்களிடம் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார். வடகிழக்கு மழை தொடங்கும்போது மிச்ச இரண்டும் அப்பன் உயரத்துக்கு வளர்ந்துவிட்டன. எது எது என்று சொல்ல முடியவில்லை.

அந்தப் படத்தை என் கணவர் பெரிதாக ப்ரிண்ட் போட்டு, கடையில் லேமினேட் சாம்பிள்கள் தொங்குகிற சுவரில் மாட்டியிருக்கிறார். ஃப்ரேம் அவரே அடித்தது. வருகிற கார்பென்டர்கள், வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் அதைப் பார்த்தே ஆக வேண்டும். "எங்க வூட்டுக்காரம்மா எடுத்தது" என்றுதான் ஆரம்பிப்பார். அந்தக் குரல் மட்டும் குறையவே இல்லை. எதிர்வரிசை பெயிண்ட் கடைக்காரருக்கு இப்போது இலைக்கோழியைப் பற்றி எல்லாம் மனப்பாடம்.

போன சனிக்கிழமை கடையிலிருந்து வந்ததும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே சொன்னார்: "மாடம்பாக்கம் ஏரியில ஏதோ பெரிய நாரைக் கூட்டம் வந்திருக்காம். கோயில் பக்கத்துல வேலை பார்க்கிற கார்பென்டர் சொன்னாரு. ரோஸ் கலர் ரெக்கையாம்."

"சொல்லுங்க."

"என்னத்தைச் சொல்றது? பேட்டரியைச் சார்ஜ் போடு. காலையில கிளம்பணும்."

மறுநாள் ஸ்கூட்டரில் அவர் பின்னால் உட்கார்ந்து, கேமராப் பையை மடியில் அணைத்துக்கொண்டு போனேன். கேம்ப் ரோடு சிக்னலில் நின்றபோது பின்னால் திரும்பாமலே, "குளிருதா?" என்று கேட்டார். இல்லை என்றேன். கொஞ்சம் குளிரத்தான் செய்தது.