ஒரு தலை கூடுதல்

ஆராதனையில் முதல் பாட்டு முடிந்ததும் கண்டக்டர் பின்கதவருகே எழுந்து நிற்பார். வலதுகைக் கட்டைவிரல் ஆள்காட்டி விரலின் அடிக்கணுவில் தொடங்கி, கணுக் கணுவாக நகரும். ஒரு டஜன் முடிந்தால் இடதுகையில் ஒரு கணு. உதடு அசையாது. ஜன்னலோர மூன்றாவது பெஞ்சின் ஓரத்துக்கு வரும்போது மட்டும் விரல் தயங்கும். பிறகு ஒரு கணு நகர்ந்துவிடும். அந்த ஓரத்தில் பெரும்பாலும் யாரும் உட்கார்ந்திருக்கமாட்டார்கள்.

பஸ்ஸில் இருபத்தெட்டு வருடம் தலை எண்ணியவர் அவர். ஓய்வு பெற்றபிறகும் எங்கள் பாப்டிஸ்ட் சபையில் ஞாயிற்றுக்கிழமை எண்ணிக்கை அவர் பொறுப்புதான். அவர் சொல்லும் எண்ணில் ஒன்றைக் கழித்துத்தான் செயலாளர் பலகையில் எழுதுவார்.

"அண்ணே கண்ணுக்கு வித்தவுட் டிக்கெட் கூடத் தப்ப முடியாது" என்பார் செயலாளர். எல்லோரும் சிரிப்பார்கள். கண்டக்டரும் சிரிப்பார், கொஞ்சம் தாமதமாக.

சபையின் ஐம்பதாம் ஆண்டு மலருக்கு வரலாறு எழுதித் தரச் சொல்லி என்னிடம் வந்தார்கள். அதிகம் பேசாதவன் ஒழுங்காக எழுதுவான் என்று நினைத்திருக்கலாம். பழைய விவரங்களுக்காகக் கண்டக்டர் வீட்டுக்குப் போனேன். அலமாரியின் அடித்தட்டிலிருந்து நோட்டுகளை எடுத்து வைத்தார். தேதி, பக்கத்தில் ஓர் எண். அவ்வளவுதான். சபை தொடங்கிய சைக்கிள் கடை மாடியில் ஒன்பது பேர். துணிக்கிடங்குக்கு மாறியபோது நாற்பது. சொந்தக் கட்டடத்தில் எண்பது, நூறு, நூற்று நாற்பது. ஆறாம் வருட நோட்டில் ஓர் இடத்திலிருந்து ஒவ்வோர் எண்ணையும் அடித்து, ஒன்று கூட்டித் திருத்தியிருந்தது.

"இது ஏன் மாமா?"

அவர் மனைவி தேநீரை வைத்துவிட்டு, "சொல்லிடுங்க. என்கிட்ட மட்டும் சொல்லிச் சொல்லி என் காதே தேஞ்சு போச்சு" என்றார்.

அவர் சொன்னார். சைக்கிள் கடைக்கு எதிரே இஸ்திரிக் கடையில் ஒரு பெண் வேலை பார்த்தாள். பத்தொன்பது வயதிருக்கும். ஞாயிறுதோறும் சபைக்கு வந்து ஜன்னலோரம் உட்காருவாள். ஒருநாள் ஞானஸ்நானம் கேட்டாள். எங்கள் சபையில் குழந்தைக்குத் தருவதில்லை. விவரம் தெரிந்தவர்கள் தாங்களே கேட்டு, சபைக்கு முன் சாட்சி சொல்லி, எல்லோரும் கை தூக்கினால்தான் தண்ணீரில் முழுக்குவார்கள்.

"நல்லாத்தான் சாட்சி சொன்னுச்சு தம்பி. நடுவுல சிரிச்சிருச்சு. இவ்வளவு பெரிய காரியத்துல என்ன சிரிப்புன்னு எனக்குப் பட்டுச்சு. இருபத்திரண்டு பேர் தூக்கினாங்க. நான் தூக்கல. 'இன்னும் ஒரு வருஷம் போகட்டும்'னேன். 'சரிங்க அண்ணா'ன்னுட்டு மாடிப்படி இறங்கிப் போச்சு. அப்புறம் கடைக்கும் வரல."

நான்காம் நாள் ஏரியில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியது. சபையார் ஞானஸ்நானம் கொடுத்து வந்த அதே ஏரி. முகம் அடையாளம் தெரியவில்லை. அவள்தான் என்றது தெரு. கண்டக்டர் உடலை அடையாளம் பார்க்க ஆஸ்பத்திரிவரை போனார்.

"கேட் வரைக்கும் போனேன். உள்ள போகக் கால் வரல. திரும்பி வந்து டூட்டிக்குப் போயிட்டேன்."

அதன்பின் அந்த ஏரியில் இறங்க யாரும் சம்மதிக்கவில்லை. அதனால்தான் புதுக்கட்டடத்தில் மேடைப் பலகைக்கு அடியில் தொட்டி கட்டினார்கள். அந்தக் கட்டடத்துக்குள் அவள் ஒருநாளும் வந்ததில்லை. ஆனாலும் அங்கேயும் ஜன்னலோரத்தில் ஒரு தலை அவர் கணக்கில் ஏறியது.

"மலர்ல அங்கத்தினர் பட்டியல் போடுவீங்கல்ல தம்பி? அந்தப் பிள்ள பேரும் வரணும். நான் கண்ணை மூடுறதுக்குள்ள."

செயலாளர் ஒப்பவில்லை. "தண்ணியில இறங்காதவங்க பேரை எப்படிண்ணே போடுறது? நாளைக்கு ஆளாளுக்கு வந்து நிப்பாங்க."

சபைக் கூட்டத்தில் கண்டக்டர் எழுந்தார். நூறு பேருக்கு முன், தான் தூக்காத கையைப் பற்றிச் சொன்னார். குரல் உடைந்தபோது பஸ்ஸுக்குள் கத்துவதுபோல் கொஞ்சம் சத்தமாகவே பேசினார். போதகர் வாக்குக்கு விட்டார். கைகள் எழுந்தன. கடைசியில் செயலாளரும் தூக்கினார்.

'நம்மிடையே இருந்து மறைந்தவர்கள்' என்ற பக்கத்தில் அவள் பெயரை நானே சேர்த்தேன். ஏரியில் உடல் ஒதுங்கிய அந்த வருடத்தைப் பக்கத்தில் போட்டேன். முந்நூறு பிரதிகள் அச்சாயின. முதல் பிரதியைக் கண்டக்டர் கையில் கொடுத்தோம். அந்தப் பக்கத்தை மட்டும் பிரித்துப் பார்த்துவிட்டு மூடினார்.

மறுவாரம் அவர் சொன்ன எண்ணைச் செயலாளர் தானும் தலை எண்ணிச் சரிபார்த்தார். அப்போதும் ஒன்று கூடுதல்.

"அதான் பேரை எழுதியாச்சே. இன்னும் என்ன?" என்றார் மனைவி.

"எழுதினா எழுந்து போயிடுமாக்கும்" என்றார் அவர்.

நான்கு மாதம் கழித்து, ஒரு மதியத் தூக்கத்தில் கண்டக்டர் போய்விட்டார்.

அதற்கடுத்த மாதம் அலுவலக அறைக்கு வெள்ளையடிக்க வேண்டியிருந்தது. பழைய கோப்புகளை நான் இறக்கி வைத்தேன். ஒன்றில் வேறொரு நகரத்து பாப்டிஸ்ட் சபையின் கடிதம் இருந்தது. ஏரியில் உடல் ஒதுங்கிப் பதினொரு வருடம் கழித்து வந்தது. இஸ்திரிக் கடைப் பெண்ணின் பெயரைச் சொல்லி, 'இவர் தம் கணவருடன் எங்கள் சபையில் முழுக்குப் பெற விரும்புகிறார், முன்பு உங்கள் சபையில் கேட்டு நின்றுபோனதாகச் சொல்கிறார், உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?' என்று கேட்டிருந்தார்கள். அன்றிருந்த செயலாளர் சபைக்குப் புதிதாக வந்தவர். அவளைப் பார்த்ததே இல்லை. அவர் எழுதிய பதிலின் நகல் பின்னால் குத்தியிருந்தது. 'அந்தப் பெயரில் எங்கள் பதிவேட்டில் யாரும் இல்லை, எங்களுக்கு ஆட்சேபம் இல்லை.'