பராய் இலையும் பித்தளைக் குழாயும்

வேலையில் சேர்ந்த முதல் நாள், தோட்டத்தை ஒரு சுற்று சுற்றி வந்துவிட்டு அதிகாரி அம்மாவிடம் நான் கேட்ட முதல் கேள்வி, "ரோஜா எங்கங்க மேடம் இருக்கு?" என்பதுதான். சேலத்தில் எங்கள் பங்குக் கோயிலில் மாதா பீடத்துக்குப் பூ வைக்கும் பொறுப்பு எங்கள் வீட்டுக்கு. தாவரவியல் தோட்டத்தில் வேலை கிடைத்ததும், இனிப் பூவுக்குக் குறைவில்லை என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

மேடம் சிரித்தார். "இது பார்க் இல்ல சூசை. அழகுக்காக இங்க எதையும் வைக்கல. ஒவ்வொண்ணும் என்ன, எங்கயிருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சு வெச்சிருக்கோம்."

எனக்கு விளங்கவில்லை. மலையடிவாரத்தில் அவ்வளவு இடம். அதில் முள்ளும் கொடியும் பெயர் தெரியாத மரமும். ஒவ்வொன்றிலும் ஒரு தகர லேபிள்: எண், பெயர், விதை எடுத்த இடம். ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள், "எங்க ஊட்டுக்குப் பொறத்தால இதெல்லாந் தானா மொளச்சுக் கெடக்குது, இதப் பாக்கவா பஸ் ஏறி வந்தோம்?" என்று பேசிக்கொண்டே போவார்கள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆண்டவர் என்னை இங்கே காரணம் இல்லாமல் அனுப்பியிருக்க மாட்டார் என்று தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். பீடத்துக்கு ரோஜாவைக் கடைவீதியில்தான் வாங்கினேன்.

மரத்துக்கு டாக்டர்

காரணம் தெரிந்தது நல்லம்மா வந்த அன்றைக்கு. ராசிபுரம் பக்கத்து ஊர்க்காரர். ஈரத்துண்டில் ஒரு கிளையைச் சுற்றி எடுத்து வந்திருந்தார்.

"ஏனுங்க சாமி, மரத்துக்கு டாக்டரு இங்கதான் இருக்காங்களா?"

அவர்கள் ஊர் மாரியம்மன் கோயிலில் ஒரு பராய் மரம் இருந்தது. நோம்பிக்கு, அதாவது கோயில் திருவிழாவுக்கு, முன்னால் அம்மன் விளக்கை அந்த மரத்திலிருந்து உதிர்ந்த இலையால்தான் தேய்க்க வேண்டும். உப்புத்தாள் மாதிரி இருக்கும் இலை. தேய்ப்பது நல்லம்மா வீட்டு முறை. மரம் காற்றில் விழுந்துவிட்டது. ஊரார் ஒரு நர்சரியில் பராய் என்று கேட்டு ஒரு கன்றை வாங்கி வந்து, பூசை போட்டு நட்டு, மஞ்சள் துணி கட்டிக் கும்பிட்டு வந்தார்கள். அது வளர்ந்து இலையும் உதிர்த்தது.

"மொழங்கை நோவத் தேச்சனுங்க. வெளக்கு கறுப்பாவே நிக்குது. என்ற கை சுத்தமில்லைன்னு ஊருக்குள்ள பேச்சு. வர்ற நோம்பிக்கு வேற ஊட்டுக்காரங்களத் தேய்க்கச் சொல்லப் போறாங்களாம். எங்க மாமியா கையில குடுத்த மொறைங்க சாமி."

"புளி போட்டுத் தேச்சா ஆகாதுங்களா?" என்றேன்.

அவர் என் கழுத்துச் சிலுவையைப் பார்த்தார். "நல்லாச் சொன்னீங்க போங்க. உங்க கோயல்ல மெழுகுத்திரிக்குப் பதிலு டார்ச் லைட்டு வெப்பீங்களா?"

அவரை மேடத்திடம் கூட்டிப்போனேன்.

மேடம் இலையைக் கிள்ளிப் பார்த்தார், லென்ஸ் வைத்துப் பார்த்தார். பிறகு, காய்ந்த செடிகளைச் சேர்த்து வைக்கும் ஹெர்பேரியம் அறைக்குள் கொண்டுபோய், அட்டையில் ஒட்டியிருந்த காய்ந்த பராய்க் கிளைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். வெளியே வந்து மெதுவாகச் சொன்னார். "அம்மா, இது பராய் இல்ல. பராய் இலையக் கிள்ளினா பால் வரும், இதுல வரல. நர்சரியில மாத்திக் குடுத்துட்டாங்க."

பழி தீர்ந்தது, சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன். அவர் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப இத்தன நாளா நாங்க யாரைங்க கும்புட்டோம்?"

மேடம் குனிந்து அந்தக் கிளையை ஈரத்துண்டில் திரும்பச் சுற்றி வைத்தார்.

நான் அவரை மேற்கு வேலியோரம் கூட்டிப்போனேன். அங்கே லேபிளில் பராய் என்று எழுதிய மரம் ஒன்று உண்டு. தினமும் தண்ணீர் விட்டேனே தவிர, இலையைத் தொட்டுப் பார்த்ததில்லை. நல்லம்மா உதிர்ந்த இலை ஒன்றை எடுத்து விரலால் தடவினார். சுற்றும் முற்றும் பார்த்தார். பக்கத்திலிருந்த பித்தளைக் குழாயைத் திறந்து இலையை நனைத்து, அந்தக் குழாயையே தேய்க்க ஆரம்பித்தார். பச்சை பிடித்துக் கிடந்த குழாய் ஒரு பக்கம் தங்கமாய் மின்னியது.

"பாத்தீங்களா சாமி! என்ற கை சுத்தந்தானுங்க!"

தூரத்திலிருந்து மேடம் கத்தினார்: "சூசை, அந்தம்மா ஏன் குழாயக் கழட்டறாங்க?"

நடந்ததைச் சொன்னதும் அருகில் வந்து, ஒளிக்காமல் சொன்னார். "இது கொல்லிமலை அடிவாரத்து ஓடைக்கரையில எடுத்த விதை. உங்க மரத்தோட பிள்ளைன்னு சொல்ல மாட்டேன். அதே இனம்."

"தேய்க்குதுங்கல்ல? அம்மனுக்கு அது போதுமுங்க."

கூட்டக் கூடாத இடம்

அந்த மரத்துக் குச்சியில் வேர் விட்ட கன்று ஒன்று எங்கள் நர்சரியில் இருந்தது. மேடமும் நானும் அதை ஊருக்குக் கொண்டுபோனோம். கோயில் வாசலில் பெரியவர்கள் முகம் கொடுக்கவில்லை. "கும்புட்ட மரத்த வெட்டச் சொல்றீங்களா?" என்றார் ஒருவர். மனசுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன்.

நல்லம்மாதான் பேசினார். "ஏனுங்க வெட்டோணும்? அதும் அம்மனுக்கு நெழலு குடுக்குது. பக்கத்துல இதுக்கு ஒரு குழி வெட்டுங்க, போதும்."

குழி வெட்டிக் கன்றை நட்டார்கள். ஆனால் பராய் மெதுவாக வளரும் மரம். இலையைப் பறிக்கவும் கூடாது. அதனால் அந்த நோம்பிக்கு எங்கள் மரத்தடி இலைகளைச் சாக்கில் கட்டி நல்லம்மாவிடம் கொடுத்தேன். நோம்பி முடிந்து பொங்கலோடு வந்தார்.

"மூஞ்சி தெரியற மாதிரி வெளக்குங்க. குத்தஞ் சொன்னவிங்கதான் மொதல்ல மூஞ்சி பாத்துக்கிட்டாங்க!"

புதிதாகச் சேர்கிற பிள்ளைகளே, இந்தத் தோட்டம் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு எனக்கு நீளமாகச் சொல்லத் தெரியாது. ஊரில் ஒன்று இல்லாமல் போகும்போது, அது இன்னதுதான் என்று சொல்லவும் எடுத்துக் கொடுக்கவும் ஓர் இடம் வேண்டும். அவ்வளவுதான்.

வேலை விஷயம் ஒன்று. மேற்கு வேலியோரப் பராய் மரத்தடியை நோம்பி முடியும் வரை கூட்டாதீர்கள். கோயில் கன்று இன்னும் இடுப்பளவுதான் இருக்கிறது. நல்லம்மா சாக்கோடு வருவார். அள்ளுவதற்கு முன்னால் குழாயைத் தேய்த்துப் பார்ப்பார். தடுக்காதீர்கள்.