ஹார்னும் நம்பர் பிளேட் பல்பும்

மூளையைப் பற்றி எழுத உனக்கு என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். பத்தாவது வரைதான் படிப்பு. நாமக்கல்லில் லாரிகளுக்கு ஒயரிங் செய்கிறேன். யாராவது எதிரே வந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. லாரிக்கு அடியில் படுத்துக்கொண்டால் யாரோடும் பேச வேண்டியதில்லை. அப்படிப்பட்டவன் எழுத உட்கார்ந்ததை, படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என்னிடம் ஒரு பழக்கம் இருந்தது. எந்த லாரி வந்தாலும் பழைய ஒயரையெல்லாம் உருவிவிட்டு, முதலில் ஹார்னைத்தான் இணைப்பேன். அழுத்தினால் தெருவே திரும்பிப் பார்க்கும். அந்தச் சந்தோஷத்தில் ஹெட்லைட் வரை வேலை ஓடும். பின்பக்கம் நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்கும் சின்ன பல்புக்கு வருவதற்குள் மனசு அடுத்த லாரிக்குப் போய்விடும். அங்கே இன்னொரு ஹார்ன் இருக்கிறதே.

எதைத் தொட்டாலும் பாதியில் விட்டுவிடும் தன் தங்கை மகளைக் காட்ட, என் மனைவி சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மனநல டாக்டரிடம் போயிருந்தாள். திரும்பி வந்து, "ஏனுங்க, அந்த டாக்டரு நம்மூட்டுக்குள்ள ஒளிஞ்சிருந்து உங்களப் பாத்த மாதிரியே கேக்கறாருங்க" என்றாள். அடுத்த மாதம் நானும் போனேன். பேச வேண்டியதையெல்லாம் அவளே பேசினாள். இரண்டு மூன்று தடவை பார்த்த பிறகு, எனக்கு இருப்பது ஏடிஹெச்டி, அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத கோளாறு என்று சொன்னார். பெரியவர்களுக்கும் இருக்குமாம்.

ஒரு வேலை முடிவதற்கு முன்பே, முடிந்தால் எப்படி இருக்கும் என்று மூளை கொஞ்சம் ருசி காட்டுமாம். டோபமின் என்ற ஒன்றுக்கு அதில் பங்கு உண்டாம். என்னைப் போன்றவர்களுக்கு அந்த முன்ருசி குறைவு. உடனே கிடைப்பதுதான் இழுக்கும். "மாத்திரை சந்தோஷத்தைக் கொண்டுவந்து கொட்டாதுங்க. ஊறுற கொஞ்சத்தையும் மூளை உடனே உறிஞ்சிக்காம, சித்த நேரம் நிக்க வெக்கும்" என்றார் டாக்டர்.

அன்றைக்கு நான் வாயைத் திறந்தது அப்போதுதான். "ஹார்னு மாதிரிங்களா?" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மனைவி விளக்கியதும் சிரித்துவிட்டார்.

"இனி நம்பர் பிளேட் பல்புக்கும் கொஞ்சம் ஹார்ன் அடிக்கும்னு வெச்சுக்கங்க."

பிரஷர், இதயத் துடிப்பெல்லாம் பார்த்துவிட்டு, காலையில் ஒரு மாத்திரை என்று எழுதிக் கொடுத்தார்.

அடுத்த வாரமே சோதனை வந்தது. சொந்த லாரியைத் தானே ஓட்டும் ஒருவர் இருபது வருடமாக என்னிடம்தான் வருகிறார். பட்டறையில் மணிக்கணக்கில் உட்கார்ந்திருப்பார். என்னைப் பேசச் சொல்லித் தொந்தரவு செய்ததே இல்லை. போன வருடம் ஆர்டிஓ ஆபீசில் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்றிதழுக்கு வண்டியைக் காட்டியபோது, நான் விட்டுவைத்த அந்தச் சின்ன பல்பால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இந்த வருடம் வண்டியை விட்டுவிட்டு, "ஏனுங்ணா, நாளைக்கு எஃப்.சி. இந்தத் தடவையும் ஏதாச்சும் உட்டுப்போட்டீங்கன்னா நான் வேற பட்டறை பாத்துக்கறனுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அன்று பழக்கத்தை மாற்றி, பின்னாலிருந்து ஆரம்பித்தேன். துருவைச் சுரண்டி, புது ஹோல்டர் வைத்து, பல்பை மாட்டினேன். எரிந்தது. நன்றாக இருந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, வெயிலில் வந்தவன் ஒரு டம்ளர் மோர் குடித்த அளவு. அடுத்த விளக்குக்குப் போக அது போதுமானதாக இருந்தது. பிறகு அதற்கு அடுத்தது. மூன்று மணிக்கு மனைவி போன் செய்தபோது சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை. வாய் உலர்ந்திருந்தது, பசி தெரியவில்லை. மாத்திரையால் அப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். "சாப்படறதும் ஒரு வேலதானுங்க, அதையும் முடிங்க" என்றாள். முடித்தேன்.

சாயங்காலம் அவர் வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்தார். தேர் மாதிரி எல்லா விளக்கும் எரிந்தது. குனிந்து நம்பர் பிளேட் பல்பைப் பார்த்தார். காலையில் வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு, போகும்போது என் தோளில் தட்டினார். அன்று முழுக்கத் தெரு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

மறுநாள் ஏழரை மணிக்கு அவர் வண்டியில் ஏறி ஹார்னை அழுத்தினார், சத்தம் வரவில்லை. இணைத்துக் கொடுத்தேன். பதினோரு மணிக்கு எஃப்.சி. பாஸ் ஆனது.