சுகந்தி நீட்டிய கடைசிச் சொல்

சுகந்தியின் பாட்டைக் கெடுத்தவன் நான். கை தவறி அல்ல, தெரிந்தே கெடுத்தேன். அது தன் பிழை என்று அவளை நம்பவும் விட்டேன்.

இதை ஏன் உங்களிடம் சொல்கிறேன்? நீங்கள் அவளை அறியமாட்டீர்கள். அதனால்தான் சொல்ல வாய் வருகிறது...

இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகள். கனடாவின் மொன்றியலில் எங்கள் ஈழத்து ஆட்களின் கல்யாணங்களிலும், பெண்பிள்ளைகள் பெரியவளாகும்போது வைக்கும் சாமத்தியவீடுகளிலும் வாசிக்கும் ஓர் இசைக்குழுவில் நான் கீபோர்ட் வாசித்தேன். எங்கள் சனத்துக்குப் பாட்டு என்றால் இசைத்தட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். இடையிசையில் ஒரு சுரம் மாறினாலும் முன்வரிசை முகம் சுளிக்கும். நானோ ஒரு சுரமும் மாற்றாதவன். "அச்சொட்டா ரெக்கோர்ட்தான்" என்று வந்து கைகொடுப்பார்கள். கிழமை முழுவதும் உணவகத்தில் கோப்பை கழுவிய எனக்கு இருந்த ஒரே பெருமை அதுதான்.

சுகந்தி எங்கள் குழுவின் பாடகி. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு மருத்துவமனையில் துப்புரவு வேலை. அவளோடு வேலை செய்த மிரெய் என்ற ஹெய்ட்டிப் பெண் வார இறுதிகளில், சோல் எனப்படும் கறுப்பினத்தவரின் இசையை வாசிக்கும் ஒரு குழுவை நடத்திப் பாடிவந்தாள். மிரெய் கொடுத்த சிடிகளைச் சுகந்தி எனக்குப் போட்டுக் காட்டினாள். எல்லாம் ஊருலகம் அறிந்த பாட்டுகள்... ஆனால் அந்தப் பாடகிகள் அவற்றைப் பிரித்துப் போட்டு, தங்கள் துயரத்தின் அளவுக்குத் திரும்பத் தைத்திருந்தார்கள்! துள்ளி ஓடிய பாட்டு இப்போது நின்று நின்று நடந்தது.

"எங்கடை பாட்டையும் இப்பிடிப் பாடலாம் அண்ணை," என்றாள் சுகந்தி. "ஆரோ பாடின பாட்டுத்தான். ஆனா பாடேக்கை அது என்ரையா இருக்கவேணும்."

எல்லாக் கல்யாணத்திலும் கேட்கிற ஒரு பழைய காதல் பாட்டை எடுத்தாள். நல்ல துள்ளல் பாட்டு. அதை மெதுவாக்கினாள். சரணத்தின் கடைசிச் சொல்லை நீட்டிக்கொண்டே போவாள். மனம் ஆறியபின் என் பக்கம் திரும்பித் தலையசைப்பாள். அதற்குப் பிறகுதான் நான் இடையிசைக்குப் போகவேண்டும். அதுவரை காத்திருப்பதே என் வேலை.

அவளுடைய வீட்டில் ஒத்திகை பார்த்தபோது எனக்கு அழுகை வந்தது. கனடாவுக்கு எடுப்பிக்கும் ஸ்பொன்சர் விண்ணப்பம் சரிவராமல் அவளுடைய கணவர் அப்போதும் கொழும்பில் நின்றார். அந்தப் பாட்டுக்குள் இவ்வளவு பிரிவு கிடந்ததா? எத்தனை மேடைகளில் வாசித்திருப்பேன்! ஒருநாளும் எனக்கு அது கேட்கவில்லையே... அழுத அதே நேரம் வயிறும் எரிந்தது. ஆம், பொறாமை. வேறு பெயர் வைத்து உங்களை ஏமாற்ற விரும்பவில்லை.

மிரெய்யின் குழுவுக்கு இன்னொரு பாடகி தேவைப்பட்டது. சுகந்தி மேடையில் எப்படிப் பாடுகிறாள் என்று பார்க்க, நாங்கள் வாசிக்கவிருந்த ஒரு கல்யாணத்துக்கு மிரெய் வருவதாக இருந்தாள். "இது சரிவந்தா நானும் ஒரு பாட்டுக்காரிதான் அண்ணை," என்றாள் சுகந்தி. வேறெதற்கும் அவள் அப்படி ஆசைப்பட்டு நான் கண்டதில்லை.

ஞாயிறு மத்தியானம். மொன்றியலின் புறநகரான டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் ஒரு மண்டபம். மிரெய் பின்வரிசையில் இருந்தாள். சுகந்தி பாடத் தொடங்கியதும் சனம் குழம்பியது. "என்ன இவ, செத்தவீடு மாதிரிப் பாடுறா," என்று யாரோ முணுமுணுத்தார்கள். பிறகு மெல்ல மெல்ல மண்டபம் அடங்கியது. சாப்பாட்டுத் தட்டோடு நடந்தவர்கள் அந்தந்த இடத்திலேயே நின்றார்கள். அவள் வென்றுவிட்டாள்! என்னை ஒருவரும் பார்க்கவில்லை.

கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கடைசிச் சொல்லை நீட்டினாள்.

நான் காத்திருக்கவில்லை.

இசைத்தட்டில் வரும் இடையிசையை, இசைத்தட்டின் வேகத்திலேயே அடித்துத் தொடங்கினேன். தபேலாக்காரரும் பழக்கதோஷத்தில் சேர்ந்துகொண்டார். அவளுடைய குரல் பாதியில் அறுந்தது. எங்கே வந்து சேர்வதென்று தெரியாமல் ஒரு வரியை விட்டாள். அடுத்த வரியில் சுருதி போனது. சனம் சிரித்தது. நான் நிறுத்தினேனா? இல்லை. பிழையே இல்லாமல் வாசித்து முடித்தேன்.

மேடைக்குப் பின்னால் வந்து நின்றாள். "கோவிக்காதேங்கோ அண்ணை. நான் கூட இழுத்திட்டன் போல. கண்ணை மூடினதிலை உங்களையும் பாக்கேல்லை."

"பரவாயில்லை பிள்ளை," என்றேன். கேட்டீர்களா... நான் அவளை மன்னித்தேன்!

கார் நிறுத்துமிடத்தில் மிரெய் என்னைத் தாண்டிப் போகையில், "நீ காத்திருக்கவில்லை," என்று பிரெஞ்சில் சொன்னாள். பிரெஞ்சு விளங்காதவன்போல் நின்றேன்.

அடுத்த கிழமை சுகந்தி தொலைபேசியில் அழைத்தாள். "நீங்கள் வேணுமெண்டுதான் அப்பிடிச் செய்தனீங்களெண்டு மிரெய் சொல்லுறா அண்ணை. அதைப் பெரிசா எடுக்காமல் தன்ரை குழுவிலை என்னைப் பாட வரட்டாம். நான் மாட்டனெண்டு சொல்லிப்போட்டன். இனி அவவோடை கதையும் இல்லை. எங்கடை அண்ணையைப் பற்றி அப்பிடிச் சொல்ல அவ ஆர்?"

கதவு இன்னும் திறந்துதான் இருந்தது. நான் உண்மையைச் சொன்னால் போதும், அவள் உள்ளே போயிருப்பாள். என்னை வெறுத்துவிட்டுப் போயிருப்பாள்... போகட்டுமே!

"விடு பிள்ளை," என்றேன். "அவைக்கு எங்களைப் பற்றி என்ன தெரியும்?"

சுகந்தி பிறகு எந்த மேடையிலும் ஏறவில்லை. கணவர் வந்து சேர்ந்தார், பிள்ளைகள் பிறந்து வளர்ந்துவிட்டார்கள். அவர்களின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் முதலில் என்னைத்தான் அழைக்கிறாள். கேக் வெட்டும்போது "அம்மா, பாடுங்கோ," என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். "எனக்குத் தாளம் நிக்காது, வேணுமெண்டால் மாமாவைக் கேளுங்கோ," என்று அவள் சிரிக்கிறாள். எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். நானும் சிரிக்கிறேன்.