பக்கிரி மாமாவின் மூச்சு

என் அக்காள் புருஷன் பக்கிரியைப் போல ஒரு வீம்புக்காரரை எங்கள் சோனங்குப்பம் பார்த்ததில்லை. கடலில் நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டால் எல்லாரும் அவரைத்தான் தேடுவார்கள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துக்கொண்டு முங்கினார் என்றால், படகில் இருப்பவன் பயந்துபோய்ச் சாமியைக் கும்பிட ஆரம்பித்த பிறகுதான் தலை வெளியே வரும்.

2009இல் வயிற்றுவலி என்று கடலூரில் ஸ்கேன் எடுத்தபோது கல்லீரலில் ஒரு கட்டி தெரிந்தது. சுண்டைக்காய் அளவுதான். நல்லதா கெட்டதா என்று ஸ்கேன் சொல்லாது, ஊசி விட்டுத் துளி சதை எடுத்துச் சோதித்தால்தான் தெரியும் என்றார்கள். பாண்டிச்சேரிதான் பக்கம், அங்கேயே போகலாம் என்றேன்.

"சிதம்பரம்தான் போவணும்."

"ஏன் மாமா, பாண்டில டாக்டருக்குப் பஞ்சமா?"

"எனக்குச் சிதம்பரம்தான் ராசி மச்சான்."

ராசியாவது மண்ணாவது! சிதம்பரத்தில் இசைவாணி இருந்தாள். அவருடைய ஒரே மகள். கூடப் படித்த பெண்ணாடத்துப் பையன் அன்பரசுவைக் கட்டிக்கொண்டு மூன்று வருஷம் ஆகியிருந்தது. வேறு சாதி. அந்த ஆத்திரத்தில் மாமா, என் அக்கா செல்லாயியின் கையை இழுத்துத் தன் தலைமேல் வைத்து, "இந்த வூட்டுச் சேதி ஒண்ணும் அவளுக்குப் போவக் கூடாது" என்று சத்தியம் வாங்கியிருந்தார். அன்றிலிருந்து மகள் பெயர் அவர் வாயில் வந்ததில்லை. ஆனால் சிதம்பரம் பஸ் ஒன்று சாலையில் போனால் தலை தானாகத் திரும்பும்.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில், ஊசி போடும் அறையில் மாமா மிரண்டு விழித்ததால் துணைக்கு என்னையும் உள்ளே விட்டார்கள். டாக்டரம்மா விலாவில் ஜெல் தடவி, மரத்துப்போக மருந்து போட்டு, ஸ்கேன் கருவியை வைத்துத் திரையைப் பார்த்தார். சாம்பல் நிறக் கல்லீரலில் கட்டி ஒரு கரும்புள்ளியாகத் தெரிந்தது.

"மூச்ச அடக்குங்க."

மூச்சடக்குவதில் மாமாவுக்குத் தெரிந்தது ஒரே வகைதான். முங்கப் போகிறவர் மாதிரி நெஞ்சு புடைக்க இழுத்துவிட்டார். கல்லீரல் கீழே இறங்கியது, கட்டியும் கூடவே ஊசியின் வழியை விட்டு நழுவியது.

"ஐயா, அவ்ளோ இழுக்காதீங்க. கட்டி சின்னது, நகர்ந்துடுது. சும்மா மூச்ச விட்டுட்டு அப்படியே நிறுத்துங்க."

மறுபடியும் அதே கதை. நான் அவர் காதருகே குனிந்து, "மாமா, இங்க யாரு நங்கூரமும் மாட்டல. படகுல குந்திக்கினு இருக்கறதா நெனச்சுக்குங்க" என்றேன். கண்ணை மூடினார். மூச்சு மெல்ல வெளியேறி நின்றது. திரையில் ஊசி வெள்ளைக் கோடாக இறங்கிக் கட்டியைத் தொட்டது. டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

உள்ளே ரத்தம் கசியாமல் இருக்க வலப்பக்கமாகவே படுத்திருக்க வேண்டும் என்று வார்டில் கிடத்தினார்கள். அந்தப் பக்கம் சுவர். வாசல் அவர் முதுகுக்குப் பின்னால் இருந்தது. செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் கழுத்தைத் திருப்பப் பார்ப்பார், நர்ஸ் அதட்டுவார். சாயங்காலம் மற்றவர்களைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, சுவரைப் பார்த்தபடியே கேட்டார்.

"வாணி வரலியா?"

அக்கா அழுதுவிட்டாள். "நான் எங்க சொன்னேன்? உங்க தலையில கைய வெச்சு சத்தியம் பண்ணிட்டு, ஊசி ஏத்துற நேரத்துல மீறுவேனா? இவன் சொல்றேன்னான், இவனையும் வாணாம்னுட்டேன்."

சத்தியத்தை மீறி அக்கா எப்படியும் மகளிடம் சொல்லியிருப்பாள் என்று நம்பித்தான் மனிதர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது இதுதான். எனக்குக் கோபமாக வந்தது. அசையாமல் கிடந்த அந்த முதுகைப் பார்த்ததும் பாவமாகிவிட்டது.

அடுத்த வாரம் முடிவு வாங்கப் போனோம். புற்றுநோய் இல்லை. அக்கா கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"இனிமே இங்க வர வேண்டியதில்ல" என்றார் டாக்டரம்மா. "ஆறு மாசம் கழிச்சு கடலூர்லயே ஒரு ஸ்கேன் எடுத்துக்குங்க."

உயிர் தப்பியவரின் முகம் அப்படித் தொங்கிப்போய் நான் பார்த்ததில்லை.

"இங்கயே வரேன் டாக்டரம்மா."

"எதுக்குங்க வீண் அலைச்சல்?"

வெளியே வந்ததும் மாமா வேப்பமரத்தடியில் நின்றார். அக்காவின் கையைப் பிடித்துத் தன் தலைமேல் வைத்தார். பிறகு அவரே அதை எடுத்துக் கீழே விட்டார்.

"சத்தியம் முடிஞ்சிச்சு. மச்சான், அவளுக்குப் போனப் போடு."

போட்டு, அவர் காதில் வைத்தேன். என் நம்பர் என்பதால் இசைவாணி என்னைத்தான் நினைத்தாள்.

"சொல்லுங்க மாமா."

பக்கிரியின் நெஞ்சு புடைத்தது. நங்கூரம் எடுக்க முங்குகிறபோது இழுப்பாரே, அதே மூச்சு. உள்ளே போனது வெளியே வரவில்லை.

"மாமா? ஏன் பேச மாட்டேங்கறீங்க?" குரல் இறங்கியது. "அப்பாவா?"

அக்கா அவர் நெஞ்சில் கையை வைத்துத் தடவினாள்.

"மூச்ச வுடுங்க" என்றாள். "வுட்டுட்டுப் பேசுங்க."